டிராகனோடு போவது

ஆயுசு முழுக்கச் சேர்த்த விளையாட்டுக் கார்டுகளை உறை போட்டு, வகைவகையாக ஆல்பங்களில் அடுக்கியிருந்தார் அப்பா. மகன் வீட்டுப் பின்னறையில்தான் அவருக்கும் அவற்றுக்கும் குடியிருப்பு. எட்டிக்கூடப் பார்க்காத பிள்ளைகள் இன்று பங்கு பிரிக்க உட்கார்ந்ததில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"தங்க டிராகன் கார்டு எனக்குத்தான்" என்றாள் மகள். "அது ஒண்ணை வித்தாப் போதும், என் பையன் படிப்புக்கு ஆச்சு."

"தாராளமா எடுத்துக்கோக்கா" என்றான் மகன். "ஆனா அப்பா சொல்லிக்குடுத்த வியாபாரம் ஞாபகம் இருக்கில்ல? கிடைக்காத கார்டைக் குடுத்தா, யாரும் சீந்தாத ஒண்ணையும் கூடவே தள்ளிவிடணும்."

"அப்படிச் சொல்லுடா!" பெருமை தாங்கவில்லை அப்பாவுக்கு. கழிசல் டப்பாவைக் கிளறி, மூலை மடங்கிய தவளைக் கார்டு ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார்.

மகள் அதை வாங்கவில்லை. டிராகனையே வெறித்துக்கொண்டிருந்தவள் பெருமூச்சு விட்டாள்.

"சரி, என் தலையெழுத்து."

"தவளையை உள்ளே வைங்கப்பா" என்றான் மகன். "உங்க துணிமணியைக் காலையிலேயே பெட்டியில கட்டி வெச்சுட்டேன். அக்கா வண்டியில ஏறிக்குங்க."