வரையாட்டின் நாக்கு

காட்டுத்தீ பரவாமலிருக்கப் புல் வெட்டப் போன நான், மூடுபனியில் வரையாட்டுத் தடத்தை மனுசப் பாதையென்று நம்பி நடந்தேன். தடம் குளம்பளவாகக் குறுகியதும் கால் சறுக்கியது. பாறை விளிம்பைப் பிடித்துத் தொங்கினேன்.

"கயிறு வருது மாப்ள, கைய விட்றாத!" கூடப் புல் வெட்ட வந்த சடையாண்டி மாமா மேலேயிருந்து கத்தினார்.

அதற்குள் பெட்டை வரையாடு ஒன்று வந்து, வியர்வை உப்புக்காக என் விரல்களை நக்கத் தொடங்கியது. எச்சிலில் பிடி வழுக்கியது.

"நக்குது மாமா, வெரட்டுங்க!"

"கல்லெறிஞ்சா மெரண்டு கைய மிதிச்சிரும்டா. உம் பொண்டாட்டிகூட இப்பிடிக் கொஞ்சிருக்க மாட்டா." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

சுண்டுவிரல் விட்டுப்போனது. அழுதேன். கண்ணீரும் உப்புதானே என்று அப்போதுதான் தோன்றியது. முகத்தை மெல்ல அதன் பக்கம் உயர்த்தினேன்.