உயிர் வந்த செட்

"பொழைக்குமா, பொழைக்காதா? அத மட்டும் சொல்லுங்க."

வந்தவர் கைக்குட்டையைப் பிரித்து, உள்ளே இருந்த செல்போனை மேஜைமேல் வைத்தார். கிருபானந்தம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆறடிக்கு ஆறடிக் கடை அவருடையது. கடை சின்னதுதான். ஆனால் தண்ணீரில் விழுந்த செட் என்றால் காட்பாடி வரைக்கும் அவர் பெயரைத்தான் சொல்வார்கள். அதில் மனிதருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"நம்ம கைக்கு வந்து எதுவும் செத்ததில்லீங்க. எங்க விழுந்துச்சு?"

"பாத்ரூம் வாளில. வீட்டுக்காரம்மாவோடது. முந்தாநேத்து."

"ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"நாலஞ்சு தடவ."

"அங்கதான் எல்லாரும் காரியத்தக் கெடுக்கிறீங்க!" கிருபானந்தம் தலையில் அடித்துக்கொண்டு, திருகுகளைக் கழற்ற ஆரம்பித்தார்.

"பொம்பளைங்க கையில போனக் குடுத்தாலே ரோதனதான்" என்றார் வந்தவர்.

"அதச் சொல்லுங்க! போன் கடை வச்சிருக்கேன், எனக்கு ஒத்தப் பொண்ணு. அது கையில ஒரு செட்டு குடுத்ததில்ல நான். ஹாஸ்டல்ல தனியா இருக்கேம்பா, ஆத்திர அவசரத்துக்கு வேணும்னு கேட்டுச்சு. முடியாதுன்னுட்டேன். பொண்ணுங்க கெட்டுப்போறதே இதாலதான்."

"கரெக்ட்டு."

"இப்ப வேலையே வேணாங்குது. ஞாயித்துக்கெழம வந்துச்சு. கம்பெனிக்குத் திரும்பிப் போவமாட்டேன்னு ஒரே அழுகை. ஏண்டின்னா வாயத் தெறக்கல. பாஸ்டர் கால்ல விழாத கொறையா கெஞ்சி வாங்கின வேலைங்க அது. வுட்டேன் கன்னத்துல ஒண்ணு. நானே கூட்டிக்கினு போயி பஸ் ஏத்தி வுட்டுட்டு வந்தேன்."

"பொண்ணு வளத்தா அப்படி வளக்கணும் சார்!"

கிருபானந்தத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. மனைவி ஜெபராணி மூன்று நாளாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்பின் தெரியாத மனிதருக்காவது நியாயம் புரிகிறதே!

மூடியைக் கழற்றியதும் அவர் மூக்கைச் சுளித்தார். உள்ளே ஓரமெல்லாம் நீலம் பாரித்த பிசுக்கு. இந்தப் பக்கத்துக்காரனுக்கு அந்த நாற்றத்தைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இது பாத்ரூம் தண்ணி இல்லீங்க. தோல் ஊறப்போடுற தொட்டித் தண்ணி. எங்கிட்ட மறைச்சு இன்னா பிரயோஜனம்? இத வேற மாதிரி கழுவணும்."

வந்தவர் வாசலை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆம்பூர்ல ஒரு கம்பெனில சூப்பர்வைசர் நானு. நம்ம செக்‌ஷன்ல ஒரு பொண்ணு, புதுசு. நாந்தான் செட்டு வாங்கிக் குடுத்தேன். கூப்பிட்டா எடுக்கறதே இல்ல. கேட்டா, கை தவறி தொட்டில விழுந்துடுச்சு சார், செத்துப்போச்சு, நீங்களே வச்சுக்குங்கன்னு என் கையில திணிச்சிட்டு ஓடுது. அங்க ரிப்பேருக்குக் குடுத்தா எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. அதான் இவ்ளோ தூரம்."

கிருபானந்தத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கை தவறியாவது, கால் தவறியாவது! தவறி விழுந்தா ஒடனே எடுக்க மாட்டாங்களா? இது மணிக்கணக்கா ஊறியிருக்கு சார். வேணும்னே போட்டிருக்கு."

"எனக்குத் தெரியாதா இன்னா?" வந்தவரும் சேர்ந்து சிரித்தார். "நல்லா பண்ணி மறுபடியும் கையில குடுத்தா, அப்புறம் எந்த சாக்கச் சொல்லும்? வேலைய வுட்டுட்டுதான் எங்க போவும்?"

"கில்லாடி சார் நீங்க!"

சொன்ன பிறகு உள்ளே என்னவோ உறுத்தத்தான் செய்தது. எந்த வீட்டுப் பெண்ணோ, பாவம். பெற்றவன் ஒருத்தன் இதையெல்லாம் கவனிக்க வேண்டாமா? அட, ஊர் வம்பு நமக்கெதற்கு என்று கிருபானந்தம் வேலையில் குனிந்துகொண்டார்.

லேசுப்பட்ட வேலையாக இல்லை. ஸ்பிரிட்டில் பிரஷை நனைத்துத் தேய்க்கத் தேய்க்க நீலம் வந்துகொண்டே இருந்தது. சிம் கார்டைத் துடைத்தார். விளக்கடியில் காயவைத்தார். வேறொருவராக இருந்தால், தேறாது என்று திருப்பிக் கொடுத்திருப்பார். இவருக்கு வீம்பு. ஒன்றரை மணி நேரம் போராடி, வேறு பேட்டரியைப் போட்டு அழுத்தினார். திரையில் வெளிச்சம் வந்தது.

"வந்துடுச்சு!" வந்தவர் துள்ளி எழுந்து கையை நீட்டினார்.

"இருங்க, இருங்க. லைட்டு எரிஞ்சா ஆச்சா? லைன் போவுதான்னு பாக்க வேணாமா?"

எந்த செட்டைச் சரிசெய்தாலும் தன் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் கைமாற்றுவார். தொழிலில் அது அவர் வழக்கம். பத்து எண்ணையும் நிதானமாக அழுத்தி, பச்சைப் பொத்தானைத் தட்டினார். அவர் சட்டைப் பையில் இருந்த போன் கணீரென்று அடித்தது.

"பாத்தீங்களா? நான் அப்பவே சொல்லல, நம்ம கைக்கு வந்து எதுவும் செத்ததில்லன்னு!"

பெருமையோடு செட்டை நீட்டப் போனவர், தற்செயலாகத் திரையைப் பார்த்தார்.

அவர் அழுத்திய எண்ணைக் காணோம். அந்த எண்ணுக்கு அந்தப் பெண் பதிந்து வைத்திருந்த பெயர்தான் அங்கே மின்னிக்கொண்டிருந்தது: 'அப்பா'.