லீவரை யார் ஏற்றுவது

அவள் புருஷனுக்குச் சண்டை போடத் தெரியாது. அவள் தொண்டை வற்றக் கத்தினாலும், அவன் மடியில் கிடக்கும் பாஸ் கிட்டாரின் தலைப்பக்கம் இருந்த குட்டி லீவரைக் கீழே தட்டுவான். தடித்த கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். அதை ஒரே ஒரு தடவை மீட்டுவான். "டூம்." அவ்வளவுதான் பதில். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் ஆறியதும் லீவரை மேலே ஏற்றி வைப்பதும் அவள்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒருநாளும் ஏற்றியதில்லை.

ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. மறுநாளே அவள் குறடால் நான்கு கம்பிகளையும் வெட்டிக் குப்பையில் போட்டாள். மொட்டைக் கிட்டார் சுவரில் தொங்கியது.

இருபதாம் நாள் காலை, மேஜையைத் துடைக்கும்போது நெஞ்சுவலிக்கு அவனுக்கு எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டு கிடைத்தது. தேதி நான்கு மாதம் பழையது.

"நாலு மாசமா வலிச்சிருக்கு! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

கிட்டாரின் லீவர் தானாகக் கீழே இறங்கியது. கம்பியே இல்லாமல் "டூம்" என்றது. மேஜைமேல் டம்ளரில் இருந்த தண்ணீர் அதிர்ந்தது.

"செத்தும் இதே பதில்தானா? இந்தத் தடவை நான் ஏத்த மாட்டேன், பாத்துக்கோ!"

டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள். பின்னால் "டக்" என்று கேட்டது. திரும்பிப் பார்த்தாள். லீவர் மேலே ஏறியிருந்தது.

"இத உசுரோட இருக்கும்போது செஞ்சிருக்கக் கூடாதா, பாவி மனுஷா!" என்று டம்ளரைக் கிட்டார்மேல் விட்டெறிந்தாள்.