ஜன்னலோர வளைவு

"உங்கம்மாகிட்ட கேளு. அவ செஞ்ச பெட்டி மட்டும் ஏன் இந்த வளைவுல குப்புற விழுதுன்னு கேளு!"

அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். காதும் நன்றாகவே கேட்கும்.

"உங்கப்பாகிட்ட சொல்லு. என் பெட்டி மத்த இடத்துல எல்லாம் ஒழுங்காத்தான் போகுது. அவர் போட்ட தண்டவாளம்தான் வளைவுல கோணிக்குது."

நடுவில் நின்ற மகளுக்குத் தலை வலித்தது. அவள் பல் டாக்டர். வாயைத் திறந்தபடி ஒரு வார்த்தை பேச முடியாமல் படுத்திருக்கும் நோயாளிகளே எவ்வளவோ தேவலை என்று தோன்றியது.

வீட்டின் பின்னறை முழுக்க ஒரே மேஜை. அதன் மேல் பொம்மை ரயில் ஓடும் ஒரு குட்டி ஊர். அச்சகத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பா, தண்டவாளம் மொத்தத்தையும் கையாலேயே போட்டார். தையல் கடை வைத்திருக்கும் அம்மா, மலை, மரம், வீடு எல்லாம் செய்த கையோடு ஒரு பச்சைப் பெட்டியும் செய்தாள். இன்ஜின் மட்டும் கடையில் வாங்கியது. அது எந்த வம்புக்கும் போகாமல் தன் பாட்டுக்கு ஓடியது. ஜன்னலோர வளைவு வந்தால் பச்சைப் பெட்டி மட்டும் தடம் புரண்டது.

யார் மேல் தப்பு என்று ஆரம்பித்த பேச்சு, கல்யாணத்தன்று யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள் என்பது வரை போய்விட்டது. அதிலிருந்து ஒரு வாரமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா படுக்கையையும் பின்னறைக்கே மாற்றிக்கொண்டார். குழம்பில் உப்பு போதுமா என்று கேட்பதற்குக்கூட மகளுக்குத்தான் போன் வந்தது.

"இன்னைக்கு இது ஓடியே ஆகணும். இல்லேன்னா இந்த மேஜையை நானே ரெண்டா அறுத்து, ஆளுக்குப் பாதின்னு குடுத்துட்டுப் போயிடுவேன். நான் டாக்டரா, தபால்காரியா?"

வளைவில் பசை ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று சுரண்டிப் பார்த்தாள். ரயிலை விட்டாள். விழுந்தது. மேஜைக் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து மட்டம் பார்த்தாள். விழுந்தது. பெட்டிக்குள் இரண்டு ஆணிகளைப் போட்டுக் கனம் ஏற்றினாள். இன்னும் ஜோராக விழுந்தது.

"பார்த்தியா, பெட்டிதான்," என்றார் அப்பா சுவரைப் பார்த்து.

"பார்த்தியா, தண்டவாளம்தான்," என்றாள் அம்மா ஜன்னலைப் பார்த்து.

மகள் பல்லைக் கடித்தாள். பல்லைக் கடிக்கக் கூடாது என்று நோயாளிகளுக்குச் சொல்கிறவளே கடிக்க வேண்டியிருந்தது. தன் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, பெட்டிக்கு அடியில் நீட்டிப் பார்த்தாள்.

"போன வாரம் சக்கரம் தண்டவாளத்துக்கு நடுவுல விழுதுன்னுதானே சொன்னீங்க? இப்ப மேல ஏறி வெளியே விழுதே?"

அம்மா காபி போடுகிறேன் என்று நழுவிவிட்டாள்.

அவள் போனதும் அப்பா கிட்டே வந்தார். "அம்மாடி, உங்கம்மாகிட்ட சொல்லிடாதே. வளைவுல தண்டவாளம் கொஞ்சம் அகலமாத்தான் போயிருந்தது. பாவம், கண்ணு வலிக்க வலிக்க அந்தப் பெட்டியைச் செஞ்சா. அவ கடைக்குப் போன நேரத்துல பிடுங்கி நெருக்கிப் போட்டுட்டேன். அப்படியும் விழுது பாரு!"

"இதை அம்மாகிட்டயே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

மகள் சமையலறைக்குப் போனாள். அங்கே அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கப்பாகிட்ட மூச்சு விடாதேடி. சக்கரம் ரெண்டும் கொஞ்சம் நெருக்கமாத்தான் இருந்தது. முதுகு வலியோட குனிஞ்சு குனிஞ்சு தண்டவாளம் போட்ட மனுஷனைக் குத்தம் சொல்லிட்டோமேன்னு மனசு கேக்கலை. அவர் குளிக்கப் போனப்ப அகட்டி வெச்சேன். அப்படியும் விழுதுடி!"

சிரிப்பதா, கரண்டியை எடுத்து இருவரையும் சாத்துவதா என்று மகளுக்குத் தெரியவில்லை. ஒருவர் மட்டும் கை வைத்திருந்தால் ரயில் அன்றைக்கே ஓடியிருக்கும். இருவரும் கை வைத்ததில் சக்கரம் அகலமாகிவிட்டது, பாதை குறுகிவிட்டது. ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டால், நான் எப்போ சொன்னேன் என்று இருவருமே சாதிப்பார்கள்.

அதனால் அப்பா செய்ததை அம்மாவின் காதில் போட்டாள். அம்மா திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசல் வரை வந்த அப்பாவின் காதில் அம்மா செய்ததைப் போட்டாள். அவர் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். கேட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவிட்டு, இனி அவர்கள் பாடு என்று நிம்மதியாகக் கிளம்பினாள்.

மறுநாள் காலை கிளினிக்கைத் திறப்பதற்குள் போன் அடித்தது.

"உங்கம்மா பெட்டி மறுபடியும் விழுது! இப்ப பழையபடி நடுவுல விழுது!"

"அப்பா, ஏதாவது பண்ணீங்களா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "எனக்காக அவ சக்கரத்தையே அகட்டியிருக்காளேன்னு, தண்டவாளத்தைப் பழையபடி அகலமாக்கிட்டேன்."

மகள் வாயைத் திறப்பதற்குள் போன் கை மாறியது. "என்னடி அநியாயம் இது! தண்டவாளத்தை எனக்காக நெருக்கிட்டாரேன்னு நான் சக்கரத்தைப் பழையபடி வெச்சேன். அப்படியும் விழுதுன்னா—"

"ஏன்டி, அதை என்கிட்ட சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று பக்கத்தில் அப்பா கத்தினார்.

"நீங்க மட்டும் என்கிட்ட சொன்னீங்களாக்கும்?" என்று அம்மா நேராக அவரிடமே திருப்பிக் கத்தினாள். மகள் சத்தமில்லாமல் போனை வைத்தாள்.