பதிமூன்று பல்

தன் பைக்கின் செயினை ஓட்டும் முன்பக்கப் பல்சக்கரத்தை, அந்தத் தேய்ந்துபோன ஃப்ரன்ட் ஸ்ப்ராக்கெட்டை, மெக்கானிக்கின் மேஜைமேல் வைத்தார் வக்கீல்.

“இதே மாதிரி வேணும்னு நாலு கடை ஏறி இறங்கியாச்சு. இந்தப் பழைய மாடலுக்குப் பதினஞ்சு பல்தான், பதிமூணு வந்ததே இல்லைங்கறாங்க. அப்ப என் வண்டியில இது எப்படி ஏறுச்சு?”

மெக்கானிக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

“பல் குறைஞ்சா என்ன ஆகும்?”

“இழுவை கூடும். வேகம் குறையும்.”

“அதான் ஆறு மாசமா சைக்கிள்காரன்லாம் என்னை முந்திக்கிட்டுப் போறான். போன சர்வீஸ்ல மாத்தினது நீங்கதானே?”

கோர்ட்டில் இந்தக் குரலிடம் எந்தப் பொய்ச்சாட்சியும் தப்பியதில்லை. மெக்கானிக்கும் தப்பவில்லை.

“மாத்தினது நான்தான். ஆனா மாத்தச் சொன்னது உங்க வீட்டுக்காரர், மேடம். உங்க பின்னாடி உட்கார்ந்து ஆபீஸ் போய்ச் சேர்றதுக்குள்ள உசிர் போய் உசிர் வருதுன்னு கண் கலங்கிட்டாரு.”

வக்கீலின் முகம் கொஞ்சம் இளகியது.

“பாவம் மனுஷன், என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல. சரி, பதினஞ்சு பல் இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“பதினாறு?”