லூர்து மேரி அமுக்கிய டப்பாக்கள்

நீங்களே சொல்லுங்க, நாள் பூரா அடுப்படியில் வெந்து ஊருக்கு மருந்து காய்ச்சி வைக்க, அத்தனையையும் ஒரே ஆள் அமுக்கிக்கிட்டா வயிறு எரியுமா எரியாதா?

சுலைகாவுக்கு எரிந்தது.

மழை பிடித்தால் போதும், தாராவியில் அவள் குடியிருக்கும் கல்லிச் சந்தின் பிள்ளைகளுக்கெல்லாம் கொசுக்கடித் தடிப்பும் அரிப்பும் வந்துவிடும். குப்பைமேனியும் வேப்பிலையும் அரைத்து, தேங்காயெண்ணெயில் காய்ச்சி, தேன்மெழுகு உருக்கிச் சேர்த்து ஒரு பச்சைக் களிம்பு செய்வாள் சுலைகா. மாடிக் கோலியின் ஒற்றை அறையில் அவளும் புருஷனும் குட்டி மகன் அம்மாரும் படுத்தாலே கால் நீட்ட இடமில்லை. அதனால் டப்பாக்களை ஆற வைப்பது கீழ்க் கோலி லூர்து மேரியக்கா வீட்டில்தான். விடிந்ததும் தாய்மார்கள் அங்கேயே வந்து வாங்கிப் போவார்கள்.

இந்தத் தடவை எல்லாரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

"களிம்பு தீந்துபோச்சாமே?" குழாயடியில் சுனிதா கேட்டாள். "என் மவ சொறிஞ்சு சொறிஞ்சு அழுதா."

"யாரு சொன்னா?"

"லூர்து மேரியக்காதான். எல்லாத்தையும் அவங்களே எடுத்துக்கிட்டாங்களாம். சான்பாடாவுல தங்கச்சி வீட்டுக்காம்."

"தங்கச்சிக்கு என்ன யானைத் தோலா, அத்தனை டப்பாவையும் பூச?"

குழாயடியே சிரித்தது. அந்தச் சிரிப்பில் சுலைகாவுக்கு வாய் இன்னும் நீண்டது.

"எப்பவும் முதல் டப்பாவுல விரலை விடுறது அந்த அக்காதான். நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். பேராசை!"

குடத்தை வைத்துவிட்டு நேரே கீழ்க் கோலிக்குப் போனாள்.

"அக்கா, டப்பா எங்க?"

லூர்து மேரி நைட்டி மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாட்டி. கதவைச் சாத்து."

"எதுக்குச் சாத்தணும்? அது பிள்ளைகளுக்குக் காய்ச்சினது அக்கா!"

"சாத்துன்னா சாத்து."

சாத்தினாள். லூர்து மேரி துண்டை விலக்கினாள். முன்கை முழுக்கச் சிவந்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தது.

"ஐயோ! எண்ணெய் கொட்டிட்டாக்கா?"

"ஏட்டி, உன் களிம்புதான்."

கட்டிலுக்கடியில் டப்பாக்கள் அடுக்கியபடியே இருந்தன. ஒன்றுதான் திறந்திருந்தது.

"நீ காய்ச்சுதப்பல்லாம் முதல்ல என் கையில பூசிப் பாப்பேன். லெதர் பட்டறைப் பசையில வெந்த கை இது. எது ஒத்துக்கலைன்னாலும் உடனே காட்டிக் குடுத்துரும். இந்தத் தடவ புதுசா என்ன போட்ட?"

"வாசமா இருக்கட்டும்னு கொஞ்சம் பச்சைக் கற்பூரம்... கடையில இந்தியில 'கபூர்'னு கேட்டேன்."

லூர்து மேரி தலையில் அடித்துக்கொண்டாள். "வெறுமன கபூர்னு கேட்டா சாமிக்கு ஏத்துற சூடத்தைல்லா குடுப்பான்! நீ பள்ளிவாசல், நான் சர்ச்சு. நம்ம வீட்டுல எவ சூடத்தைக் கண்டா, பாத்ததும் தெரிய? அது கிடக்கட்டும், பிள்ளைக மேலுக்கு வாசம் எதுக்குட்டி?"

சுலைகாவுக்குக் கண்ணீர் முட்டியது. அம்மாருக்கென்று ஒரு டப்பா ஒதுக்கி வைக்கும்படி அக்காவிடம் சொல்லியிருந்ததும் அவளேதான்.

"களிம்பு சரியில்லைன்னு சொல்லியிருக்கலாமேக்கா? நான் குழாயடியில உங்களப் போய்ப் பேராசைன்னு..."

"கேட்டுச்சு. ஜன்னல் அப்ப திறந்துதான கிடந்துச்சு? யானைத் தோலும் கேட்டுச்சு." லூர்து மேரி சிரித்தாள். "களிம்பு கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய போனா, அப்புறம் உன் மருந்தை எவ தொடுவா?"

"இப்பவே போய் உள்ளதைச் சொல்லிடுதேன்க்கா."

எழுந்தவளின் கையை லூர்து மேரி பிடித்து இழுத்தாள்.

"போ, சூடமில்லாம மறுபடி காய்ச்சு. யாரும் கேட்டா, 'அந்தப் பேராசக்காரி அமுக்கிட்டா, அதான் திரும்பக் காய்ச்சுதேன்'னே சொல்லிரு, என்ன?"