வியன்னாவில் நான்கு நாள்

வியன்னாவில் நான்கு நாள் எதற்கு என்று அவள் கேட்டாள்.

கேட்கும்போது அவள் இடது கையில் இரண்டு ஊசிகள் குத்தியிருந்தன. ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போய், இன்னொன்றின் வழியாகச் சுத்தமாகித் திரும்பிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட நாளிலிருந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே கட்டில், இதே மெஷின்.

பக்கத்து ஸ்டூலில் அவள் கணவர் மடியில் ஐரோப்பா மேப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று பாதி ஆயுசு எழுதித் தள்ளியவர். அவரைப் போய் ஒரு பயணத்துக்கு நேரம் போடச் சொன்னால் கேட்கவா வேண்டும்? கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரிதான்.

அவள் பூகோள டீச்சர். டான்யூப் நதியை வருஷா வருஷம் கரும்பலகையில் சாக்பீஸால் ஓடவிட்டவள். நிஜ நதியில் ஒரு தடவை கால் நனைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

போகலாம், ஆனால் மெஷின் தவறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டைம்கீப்பர் அசரவில்லை. ஊர் ஊராக மருத்துவமனைகளுக்கு எழுதி, கெஞ்சி, அவளுக்குக் கட்டில் பிடித்தார். கட்டில் கிடைத்த ஊருக்குத்தான் பயணம். பாரிஸில் நான்கு நாள், வியன்னாவில் நான்கு நாள், ரோமில் நான்கு நாள். ஒரு நாள் ஊர், ஒரு நாள் மெஷின்.

சொந்தக்காரர்களுக்கு இந்தக் கதை முழுசாகத் தெரியாது. மூன்றே ஊர் என்றதும் மெச்சினார்கள். அரக்கப்பரக்க ஓடாமல் ஆற அமரப் பார்ப்பதுதான் அழகு, கொடுத்துவைத்தவர்கள் ஐயா நீங்கள் என்றார்கள். டைம்கீப்பரும் சிரித்துவைத்தார்.

பக்கத்துக் கட்டில் மளிகைக்கடைக்காரருக்கு மட்டும் எல்லாம் தெரியும். அவருடைய மருமகன் பத்து நாளில் ஒன்பது தேசம் பார்த்து வந்த மகானுபாவன். எந்தக் கோபுரம் எந்த ஊர் என்று கேட்டால் போனைத் தடவிப் பார்த்துத்தான் சொல்வானாம். நீங்க மெதுவாப் போங்க டீச்சர், அந்த ஊர் மெஷினாவது மரியாதையா ரத்தம் எடுக்கும் என்று சொல்லி வார்டையே சிரிக்கவைப்பார்.

போன வாரம் அந்தக் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டார். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் விரிப்பை மாற்றினாள், அவ்வளவுதான்.

இப்போதும் நர்ஸ் வந்து பிரஷர் பார்த்துவிட்டுப் போனாள். அவள் போனதும், வியன்னா இருக்கட்டும், வழியை நான் சொல்கிறேன் என்று டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் நாள் பாரிஸ். மறுநாள் ஜெனீவா, ஏரிக்கரையில் ஒரு நடை. அடுத்த நாள் மலையைக் குடைந்து போகும் ரயிலில் வெனிஸ். அப்புறம் ரோம். ராத்திரி ரயிலில் ஏறினால் விடியும்போது வியன்னா, நதியில் கால் நனைத்த கையோடு பிராக். அங்கிருந்து பெர்லின். அதற்கும் வடக்கே, பனி மலைகள் கடலுக்குள் இறங்கும் நார்வே.

வகுப்பில் பாடம் நடத்துகிற குரல். ஓர் இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

டைம்கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை. எதைக் கேட்டாலும் உங்க இஷ்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தவளா இவள்? முகத்தில் எத்தனை காலத்துக்குப் பிறகு இந்தக் களை. மளிகைக்காரர் மருமகனையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாய் போலிருக்கிறதே என்று சீண்டினார். அவளும் சிரித்தாள்.

பழக்க தோஷம், அவர் மனசு அதற்குள் நேரம் போட ஆரம்பித்துவிட்டது.

பாரிஸிலிருந்து ஜெனீவா, காலை வண்டி, சரி. வெனிஸ், சரி. ரோம், சரி. இனி வண்டி நிற்க வேண்டிய இடங்களை, அவளுடைய மெஷின் நாட்களை, குறிக்க வேண்டும். இரண்டாம் நாளில் இடம் இல்லை. நான்காம் நாளிலும் இல்லை. ஆறாம் நாள் பூராவும் ரயில். தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று மறுபடி பாரிஸிலிருந்து ஆரம்பித்தார்.

மறுபடியும் அதேதான்.

"வண்டி எங்கேயுமே நிக்கலையேம்மா" என்றார்.

அவள் கண்ணைத் திறந்தாள். மழுப்பவில்லை. ஒரு நாள் இந்தக் கட்டிலில், மறுநாள் அந்த அசதியில். இதில் தான் எந்த நாளில் வாழ்வது என்று கேட்டாள். அவர் மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டரிடம் பேசிவிட்டாளாம். மெஷினை விட்டால் ஒரு வாரம் தாங்கும், பத்து நாள்கூடத் தாங்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்றாராம். அந்தப் பத்து நாளும் தனக்கு வேண்டும் என்றாள்.

டைம்கீப்பர் அழுதார். வார்டில் இத்தனை பேர் பார்க்கிறார்களே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ஊசி இல்லாத கையால் அவள் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

எதைப் பிடித்து அவளை நிறுத்துவது என்று தெரியாமல், முதலில் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தார். போவதைச் சொன்னாய், திரும்பி வருகிற நாளைச் சொல்லவே இல்லையே என்றார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது உங்களுக்கு மட்டும் போட்டாப் போதுங்க."